நடுச்சுவருக்கு மேலே போன ஜெபங்கள்

ஐம்பதுகளில் தென்காசியில் நாங்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே நடுச்சுவர். கட்டியவருக்குச் செங்கல் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, சுவர் ஓட்டைத் தொடாமல் இரண்டு முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அவர்கள் வீட்டுத் தாளிப்பு இந்தப் பக்கம் வரும். எங்கள் குடும்ப ஜெபம் அந்தப் பக்கம் போகும்.

எங்கள் சபையார் ஜெபிக்கும் விதம் வெளியாருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முழங்காலிட்டுக் கண்ணை மூடியதும் எங்களில் பலருக்கு ஒரு தைரியம் வரும். நேரில் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்வதுபோலப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவோம். என் மாமியார் ஒருமுறை, "ஆண்டவரே, இந்த வீட்டு ஆம்பளைக்கு நேரத்தோட வீடு வந்து சேர நல்ல புத்தி தாரும்" என்று ஜெபித்தார். ஆமென் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். விசுவாசத்தைத் தர்க்கத்தால் நிறுவும் புத்தகங்களாக வாங்கி அலமாரியை நிறைத்திருந்தேன். படித்ததை யாரிடம் காட்டுவது? சபையில் எல்லோரும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு நாத்திகர் குடிவந்ததைத் தேவகிருபை என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பம். கோயில் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி அவர்களுடையது. இவர் மட்டும் திருநீற்றை விட்டுவிட்டு, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகி, கடவுள் இல்லை என்பதை எல்லோரிடமும் மரியாதையாகச் சொல்லிவந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்பேன். அவர் மனைவியை மதினி என்பேன். மதினி இரண்டு பேர் பங்குக்கும் சேர்த்துத் திருநீறு பூசிக்கொள்வார்.

"கர்த்தாவே, கடிகாரத்தைப் பார்த்தால் செய்தவன் ஒருவன் உண்டென்று ஒத்துக்கொள்ளுகிறவர்கள், உலகத்தைப் பார்த்து மாத்திரம் மறுக்கிறார்களே" என்று சாயங்கால ஜெபத்தை ஆரம்பிப்பேன். முக்கியமான இடத்தில் அந்தப் பக்கம் அண்ணாச்சியின் இருமல் கேட்கும். ஆட்சேபணை பதிவாகிவிட்டது. விவரம் காலையில் வரும். சாரல் மாதங்களில் இருவரும் சைக்கிளில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம்.

"கடியாரம் செஞ்சவன் இருக்கான், சரி வே. ஓடாத கடியாரத்துக்கு யாரு ஜவாப்தாரி?" என்று மேலகரம் தாண்டும்போது கேட்பார். நான் பதிலை எடுப்பதற்குள் அருவி வந்துவிடும். அருவிக்கு அடியில் யாரும் யாரையும் மறுக்க முடியாது.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க ஆண்டவர்கிட்டப் பேசுதீங்களா, அண்ணாச்சிகிட்டப் பேசுதீங்களா?"

"ரெண்டு பேருக்கும் கேக்கட்டுமேன்னுதான்."

"ஒருத்தருக்குத்தான் கேக்கும்னு நெனைக்கேன்" என்றாள்.

ஓர் ஆடி மாதம் மதினிக்கு டைபாய்டு வந்தது. இரண்டாவது வாரத்தில் டாக்டர் அண்ணாச்சியை வாசலுக்குத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். பிழைப்பாரா என்பது சந்தேகமாகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து ஏதோ புது மாத்திரை வரவழைத்தார்கள்.

அன்று சாயங்காலம் முழங்காலிட்டேன், வாய் வரவில்லை. மதினியைச் சுகப்படுத்தும் என்பதுதான் சொல்ல வேண்டியது. குழந்தைகூடச் சொல்லும். ஆனால் மதினி பிழைத்தால் அண்ணாச்சியை எப்படி மடக்குவது என்று என் மூளை அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தது. பிழைக்காவிட்டால் அவர் என்ன கேட்பார், அதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றுகூட. ஒரு மனுஷி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நான் அவரை எடுத்துக்காட்டாக்கிக்கொண்டிருந்தேன். உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்து முடித்தேன். மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள், நான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"சார்வாள்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கேக்கல."

"என்னது?"

"நீரு சொல்லுதது இங்கன கேக்கல வே. தெனம் வாற சத்தத்தக் காணோமேன்னு இவ கேக்கா. கொஞ்சம் சத்தமாச் சொல்லும்."

மனைவி என்னைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, மதினியப் பிழைக்க வையும். எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியல" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இருமல் வரவில்லை.

மதினி பிழைத்தார். அதே மாதம், அதே காய்ச்சலில், எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த பெண் போய்விட்டாள். அவளுக்காகச் சபையே அழுது ஜெபித்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதை நிறுவுவது? அலமாரியைத் திறந்தேன், மூடினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்திவிட்டு வந்தேன்.

மதினி நடமாடத் தொடங்கியதும் கிணற்றடியில் என் மனைவியிடம் சொன்னாராம்: "அந்த ரெண்டு வாரமும் எனக்கு ஒரு நெனப்பும் இல்ல ஏட்டி. யாரு வந்தா, யாரு போனா, ஒண்ணும் தெரியாது. வாயே தெறக்கலயாம்லா நான்."

அப்படியானால் அன்று சத்தத்தைத் தேடியது யார்? எனக்குத் தூக்கம் கெட்டது. இத்தனை காலம் தேடிய ஆயுதம் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாரல் முடியும் சமயம் மறுபடி சைக்கிளில் கிளம்பினோம்.

"மாத்திரைதான் வே காப்பாத்துச்சு" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. நல்ல மாத்திரை."

சைக்கிளை என் பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எதுத்து ஒண்ணும் சொல்ல மாட்டீரா?"

அவர் குரலில் கேலி இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சல். அன்று சத்தத்தைத் தேடியது யார் என்ற ஒரே கேள்வியில் ஆளைக் கவிழ்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை. அது பெருந்தன்மை என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால், "அந்த ரெண்டு நாள் நீரு ஏன் வே சத்தத்தக் கொறச்சீரு?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால், மதினியை வைத்து நான் போட்ட கணக்கைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அண்ணாச்சி என் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்ததில், எதிரே வந்த வைக்கோல் வண்டியில் மோதப் பார்த்தார்.

"ரோட்டப் பாருங்க அண்ணாச்சி" என்றேன்.