சும்மா நிற்பதற்கு ஓர் அறை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டடப் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்த முதல் வாரமே கைப்பையில் ஐந்து மீட்டர் இரும்பு டேப்போடு திரிந்ததால் டேப் அக்கா ஆனவள், இருபத்து நான்கு வருடம் கழித்தும் டேப் அக்காதான். இயக்குநரே, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், அப்படித்தான் கூப்பிடுவார்.

உண்மையில் அந்த டேப் பெரும்பாலும் பையிலேயே தூங்கும். கண்ணே போதும் அவளுக்கு. உறவினர் வீட்டுக்குப் போனால், குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் கூடத்தை அளந்து முடித்திருப்பாள். சோபாவைத் திருப்பிப் போட்டால் இரண்டடி மிச்சம் என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டு, நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். இடம் வீணாவதைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார முடியாது. சிலருக்குச் சோறு வீணானால் அப்படி இருக்கும்.

கணவரும் அதே வளாகத்தில்தான் வேலை. எடையறைப் பொறுப்பாளர். ஒரு கொசுவின் காலைத் தனியாக வைத்தாலும் அதன் எடையைச் சொல்லிவிடும் தராசுகள் மூன்று அவர் பொறுப்பில் இருக்கின்றன. கதவை அறைந்தால் அவை திணறும், யாராவது தும்மினால் அரைமணி நேரம் முறைத்துக்கொள்ளும். அதனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே அவர் மெதுவா சார் ஆகிவிட்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை மூடினாலும் சத்தம் வராது. அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒன்றுதான் தெரியும். மாலையில் மூன்று மாடி ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பார். கதவின் அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரியும். "என்னங்க, அங்க சும்மா நின்னுக்கிட்டு? உள்ள வாங்க" என்று அக்கா கதவைத் திறந்துவிடுவாள். இருபத்தோரு வருடமாக இதே கதை.

போன வருடம் நிறுவனத்துக்குப் புதிய ஆய்வுக்கூடக் கட்டடம் என்று முடிவானது. ஐந்து மாடி. யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதும் வேலையை இயக்குநர் தலைமைப் பொறியாளரிடம் தள்ள, அவர் அக்காவிடம் தள்ளினார். அக்காவுக்கு மேலே ஆள் நிறைய, கீழே யாரும் இல்லை. ஆகவே வேலை அங்கேயே நின்றது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. இருபத்து நான்கு வருடமாக மற்றவர்கள் முடிவுசெய்த சுவர்களை வரைந்து கொடுத்தவளுக்கு, சுவர் எங்கே வரவேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு முதல்முறையாக வந்திருந்தது.

படிவம் அவளே தயாரித்தாள். அறை, எத்தனை பேர், என்ன வேலை நடக்கும், எவ்வளவு இடம். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'உள்ளதை உள்ளபடி எழுதவும்.' எழுதியதை நம்பி உட்கார்ந்துவிடும் ரகமும் இல்லை அவள். ஒவ்வோர் அறைக்கும் போய் அரைநாள் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். நாள் முழுக்க ஓடுவதாக எழுதியிருந்த நுண்ணோக்கியின் உறைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசு. நச்சுவாயுவை உறிஞ்சுவதற்கென்று வைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று குடைகள் காய்ந்தன. வேதியியல் பேராசிரியை, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒரு கருவிக்கென்று ஆறு சதுர மீட்டர் கேட்டிருந்தார். எப்படியும் வெட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், எனவே எல்லோரும் கூட்டிக் கேட்டார்கள். மொத்தப் படிவம் நாற்பத்து மூன்று. அக்கா போய்ப் பார்த்த அறைகள் நாற்பத்திரண்டு. போகாத ஒன்று எடையறை. வீட்டிலேயே இருக்கிற மனிதர், அவர் அறையில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கூட்டிப் பார்த்தால், மனையில் கட்ட முடிந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது வழி சொன்னது அக்காதான். எல்லார் தாளிலும் பத்துக்கு மூன்று வெட்டு. பெரியவர் சின்னவர் பார்க்கக் கூடாது, விதிவிலக்கு ஒன்றும் கிடையாது. பொறியாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கட்டடப் பிரிவுக்கும் ஒரு படிவம் உண்டு, வரைபடங்கள் வைக்கும் அறைக்கு. எல்லாருக்கும் கடைசியாக அதை நிரப்பியதும் அக்காதான். அந்தச் சமாச்சாரத்தைப் பிறகு சொல்கிறேன்.

கணவரின் படிவம் கடைசி நாளில், வீட்டில் கையில் கொடுக்காமல், முறைப்படி அலுவலகத் தபால் தட்டு வழியாக வந்து சேர்ந்தது. எடையறை, பன்னிரண்டு சதுர மீட்டர். அதற்கு முன்னறை, மூன்று. முன்னறையில் எத்தனை பேர்? ஒருவர். என்ன வேலை நடக்கும்? அந்தக் கட்டத்தில் அவருடைய குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: 'ஒன்றும் நடக்காது. சும்மா நிற்பதற்கு.'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை மட்டும் திருத்தி எழுதச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். புருஷன் தாளுக்கு மட்டும் சலுகையா என்று நாலு பேர் கேட்டால் எந்த முகத்தோடு பேராசிரியர்கள் தாளை வெட்டுவது? அப்படியே கட்டோடு சேர்த்துவிட்டாள்.

கூட்டத்தில் பொறியாளர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். இந்தத் தாள் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். சும்மா நிற்பதற்குத் தனி அறை கேட்ட ஒரே ஆள் இவர்தான், மற்ற எல்லோரும் அவரவர் அறையிலேயே அதைச் செய்துகொள்கிறார்கள் என்றார். கூடம் குலுங்கியது. வேதியியல் பேராசிரியைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். தான் கணவர் பக்கம் இல்லை என்று காட்டிக்கொள்ள, தேவைக்குமேல் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். கடைசிக்கு முந்தின வரிசையில் மெதுவா சார் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தவர், நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். பதினைந்து பத்தரை ஆனது. முன்னறை பறிபோனது.

அன்று மாலை வீட்டில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஏன் அப்படி எழுதினீர்கள், நாகரிகமாக நாலு வார்த்தை கிடைக்கவில்லையா என்று பிடித்துக்கொண்டாள்.

"உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்துச்சு. எழுதினேன்" என்றார் அவர். காலரைத் திருப்பிப்போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "அறை போனா போகட்டும். நீயும் சிரிப்பேன்னு நினைக்கலை."

குரலில் கோபம் இல்லை. கல்லூரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அக்கா எடையறைக்குப் போனாள். நாற்பத்து மூன்றாவது அறை. வெளிக்கதவைத் திறந்தால் அறை இல்லை. ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு ஒரு பொந்து, எதிரே இன்னொரு கதவு. சுவரில் ஒரு பலகை, அவ்வளவுதான். அவள் கையால் வரைந்த பழைய வரைபடத்தில் இப்படி ஒரு தடுப்பே கிடையாது. கழித்துப்போட்ட அலமாரிக் கதவுகளை வைத்துப் பதினாறு வருடத்துக்கு முன் அவரே அடைத்துக்கொண்டதாம். கட்டடப் பிரிவில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் சொன்னாரா என்றால், சொல்லியிருப்பார். அவர் சொல்லும் சத்தத்துக்குக் காதை நீட்டிக் கேட்டால்தான் உண்டு.

உள்கதவைத் தள்ளப் போனவளை, அதில் பதித்த சிறு கண்ணாடி வழியே அவர் உள்ளிருந்தே கையைக் காட்டி நிறுத்தினார். வெளிக்கதவு நன்றாக மூடட்டும், முப்பது வரை எண்ணிவிட்டு வா என்றார். அக்கா நின்றாள். மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்பு தணிந்தது. கைப்பை ஆடுவது நின்றது. பத்து எண்ணுவதற்குள் பொறியாளர், நாற்பத்து மூன்று தாள், காலையில் கரிந்துபோன அடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வெளிக்கதவுக்கு அப்பால் போனதுபோல இருந்தது. இருபதில் அவளுக்கு வீட்டுக் கதவின் அடியில் தெரியும் இரண்டு கால்களின் நிழல் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் எண்ண முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு திறந்தது. வேதியியல் பேராசிரியை, கையில் மூடிய கண்ணாடிப் புட்டியோடு விடுவிடுவென்று வந்தார். வந்தவர் தானாகவே நின்றார், புட்டியைப் பலகையில் வைத்தார், வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளை மாதிரி கைகட்டிக்கொண்டார். புட்டி சூடாக இருந்தால் எடை குறைத்துக் காட்டும், உலையிலிருந்து நேரே கொண்டுபோனால் ஒருமாத வேலை பாழ், இங்கே கொஞ்சம் நின்று ஆறிப் போனால்தான் கணக்கு சரியாக வரும் என்று அக்காவுக்குப் பாடமும் எடுத்தார்.

பிறகு, சும்மா நிற்கும் நேரத்தில் பேச்சுத்துணையாக, "நேத்து ஒரு அறையை வெட்டினோமே, சிரிச்சுக்கிட்டே. அது எந்த அறை?" என்று கேட்டார்.

"இதுதான் மேடம்" என்றாள் அக்கா.

பேராசிரியை சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் தன் கட்டிய கைகளைப் பார்த்தார். அன்று அவர் புட்டி வழக்கத்தைவிட நன்றாக ஆறியிருக்கும்.

முன்னறையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அக்கா போய்க் கேட்டும் பொறியாளர் அசைந்து கொடுக்கவில்லை. மொத்தப் பரப்பில் ஒரு சாண் கூட்ட முடியாது என்றார். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் மற்ற நாற்பத்திரண்டு பேரும் நாளைக்கு என் வாசலில் நிற்பார்கள், அதுவும் யாருக்கு விலக்கு என்று ஊர் பேசும் என்றார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. வேண்டுமானால் அந்த நாலரை சதுர மீட்டர் எங்கிருந்து வரும் என்று நீங்களே காட்டுங்கள் என்று முடித்துவிட்டார்.

எங்கிருந்து வரும் என்பது அக்காவுக்கு அவர் கேட்பதற்கு முன்பே தெரியும். வரைபட அறைக்கு இருபது சதுர மீட்டர் போதும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்கு அது தெரியாதா? படிவத்தில் அவள் எழுதியிருந்தது முப்பத்தைந்து. பத்துக்கு மூன்று வெட்டு வரப்போகிறது என்று உலகத்தில் முதலில் தெரிந்தவள் அவள். வெட்டியபின் இருபத்து நாலரை நின்றது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்ன கைதான் அதையும் எழுதியது.

அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். தன் தாளை எல்லோர் முன்னும் பிரித்து வைத்தாள். இருபது போதும் என்ற இடத்தில் முப்பத்தைந்து எழுதியதைச் சொன்னாள். பொறியாளர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியும் உட்காரவில்லை.

"நாப்பத்திமூணு தாள் வந்துச்சு சார். என்னுதையும் சேர்த்து நாப்பத்திரண்டு பொய். உண்மை எழுதின தாள் ஒண்ணே ஒண்ணு. அதை வெட்டிட்டு, நானும் உக்காந்து சிரிச்சேன்."

நாற்பத்தொரு பேர் பேசியிருக்கலாம்தான், ஆனால் எதைச் சொன்னாலும் தன் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். வேதியியல் பேராசிரியைதான் கடைசியில், முன்னறை இருக்கட்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசிக்கு முந்தின வரிசையில் மெதுவா சார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இத்தனை வருடத்தில் அவர் பொது இடத்தில் எழுப்பிய பெரிய சத்தம் அதுதான்.

வரைபடத்தில் அந்த அறைக்குப் பயன்பாடு எழுத வேண்டும். ஏதாவது கௌரவமாகப் போடுங்கள், வெப்பச் சமநிலை அறை மாதிரி, என்று பொறியாளர் சொல்லிப்பார்த்தார். அக்கா பேனாவை எடுத்து, கணவர் எழுதியதையே எழுத்து மாறாமல் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

அன்று மாலை அவள் முதலில் வீடு வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. செருப்பு கழன்றது. கதவின் அடியில் இரண்டு நிழல் விழுந்தது. மகள் திறக்க எழுந்தாள்.

"சும்மா இரு" என்றாள் அக்கா.

"அப்பா வெளிய நிக்கறாரும்மா."

"நிக்கட்டும்."

மகள் ஒன்றும் புரியாமல் அம்மா பக்கத்திலேயே நின்றாள். அக்கா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். எத்தனை வரை எண்ண வேண்டும் என்று தெரியவில்லை. இருபத்தோரு வருடத்தில் அவரை ஒரு நாளாவது முழுதாக நிற்கவிட்டிருந்தால் அல்லவா தெரியும்? முப்பது தாண்டியது. நாற்பதும் தாண்டியது. ஐம்பத்திரண்டில் கதவு தானாக, சத்தமே இல்லாமல் திறந்தது. அம்மாவும் பெண்ணும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து அவர் திடுக்கிட்டுப்போனார்.

"என்ன, ரெண்டு பேரும் இங்க நிக்கறீங்க?"

"சும்மாதாங்க" என்றாள் அக்கா.