டிரா போடும் முன்பே ஓடியவர்கள்

'வெடுக்கு' என்று பட்டப்பெயர் வாங்கிய ஆட்டக்காரி பயந்து ஓடிவிட்டாள் என்று டென்னிஸ் வட்டாரத்தில் பேச்சு. முதல் சுற்றிலேயே 'சுத்தியல்' என்று பேர்போன ஆட்டக்காரியோடு மோதல் என்று டிராவில் பார்த்தாளாம். அந்த நிமிஷமே தோள்பட்டை பிடித்துக்கொண்டதாம். பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டு வேறு ஊர்ப் போட்டிக்கு ரயிலேறிவிட்டாளாம். மட்டைக்கு நரம்பு கட்டுகிறவர் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார்.

விசாரித்துப் பார்த்தால், வதந்திக்கு வாய் இருக்கிறதே தவிர காலண்டர் இல்லை. வெடுக்கின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். யாரோடு யார் ஆடுவது என்று டிரா போட்டது பதினொரு நாள் கழித்து, சனிக்கிழமை. அந்தச் செவ்வாயன்று அவளுக்கு எதிராளி என்று ஒருத்தியே கிடையாது. இல்லாத ஆளுக்குப் பயந்து ஓட அவளுக்கு என்ன தலையெழுத்தா?

போகட்டும், பெயரை நீக்கியதாவது அவளா என்றால் அதுவும் இல்லை. நீக்கியது அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கு பார்சல் கம்பெனியில் வேலை. எந்த லாரி எந்த ரோட்டில் போனால் நெரிசலில் மாட்டாது என்று கணக்குப் போட்டுச் சொல்லுகிற நாற்காலி. தங்கை ஒன்பது வருடமாக ஊர் ஊராகப் போய் ஆடுகிறாள். பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லை, மேனேஜருக்குக் கேட்கவே வேண்டாம். ஆகையால் எந்த வாரம் எந்தப் போட்டி என்று தீர்மானிக்கும் பொறுப்பை அண்ணன் தானே எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டிகளில் பெயர் கொடுத்து வைக்கலாம். கெடு முடிவதற்குள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்; விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் கடைசி நிமிஷம் வரை யார் யார் எங்கே வருகிறார்கள் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பலமான ஆட்டக்காரி பெயர் தென்பட்டால் லேப்டாப் பட்டியலில் அவள் கட்டத்துக்குச் சிவப்பு அடிப்பார். எளிதில் ஜெயிக்கலாம் என்றால் பச்சை.

சுத்தியல் சிவப்பிலும் சிவப்பு. வெடுக்கை விட நாலு வயது மூத்தவள், சர்வ் போட்டால் பந்து வருவதற்கு முன் சத்தம் வரும்.

அன்று பயிற்சி முடிந்து, முழங்கால் வரை செம்மண்ணோடு வீட்டுக்கு வந்த வெடுக்கு, சாப்பாட்டு மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். உள்ளூர்ப் போட்டியில் அவள் பெயர் இல்லை.

"என் பேர் எங்கண்ணா?"

"மாத்திட்டேன்மா. அங்க சுத்தியல் வரா."

"உன்னை யார் கேட்டா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவே. அதான் கேக்கல."

"போன வருஷம் அதே மைதானத்துல அவளை ஜெயிச்சவ நான்!"

"அஞ்சு தடவை ஆடி ஒரு தடவை ஜெயிச்சே. அதை நம்பி லாரி விட முடியாது."

"நான் லாரியா? என் காலு, என் தோளு, என் பேரு. ஓடறது மட்டும் உன் இஷ்டமா?"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. போன வருடம் இதே போட்டியில், இதே உள்ளூர் மைதானத்தில் அரையிறுதி வரை போய் எடுத்த புள்ளிகள் ஒரு வருடம் ஆனதும், இந்தப் போட்டி வாரத்தோடு கழிந்துவிடும். ஈடுகட்ட இரண்டு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் தரவரிசையில் இருநூற்றுப் பத்தொன்பதிலிருந்து இருநூற்று ஐம்பதுக்கும் கீழே சரிவாள். பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்கு இருநூற்று முப்பது வரைதான் எடுப்பார்கள். ஒன்பது வருடத்தில் அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. அதற்காகத்தான் மூன்று வாரமாக அந்த மைதானத்தின் மேடு பள்ளமெல்லாம் மனப்பாடமாகும்வரை ஆடினாள்.

அரை மணியில் கெடு முடிந்து இறுதிப் பட்டியல் வந்தது. அண்ணன் தேர்ந்தெடுத்த வெளியூர்ப் போட்டியில், சிவப்புக் கட்டத்துக்காரிகள் பதினொரு பேர். மூன்றாவது பெயர் சுத்தியல். சுத்தியலுக்குப் பயந்தவர்களெல்லாம் ஓடிப்போன இடத்துக்குச் சுத்தியலும் வந்து சேர்ந்திருந்தாள். காலியான உள்ளூர்ப் போட்டியில் மிச்சமிருந்தவர்களை, இரண்டு பச்சை பெயின்ட் டப்பா வாங்கிப் பூசியிருக்கலாம்.

"நெரிசலுக்குப் பயந்து எல்லா லாரியையும் ஒரே பைபாஸ்ல விட்டிருக்கே. நல்லா இருப்பே!" என்றாள் வெடுக்கு. திரும்ப மாற்ற வழியில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் அண்ணனோடு பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "அண்ணி, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் தண்ணி ஜாடியை நகர்த்தச் சொல்லுங்க" என்பாள்.

சனிக்கிழமை டிரா வந்தது. முதல் சுற்றில் வெடுக்குக்கு எதிரில் சுத்தியல். வதந்தியில் அது ஒன்றுதான் நிஜம், ஊர்தான் வேறு.

உடை மாற்றும் அறையில் சுத்தியல்தான் முதலில் பாய்ந்தாள். "நீ இங்க எதுக்குடி வந்தே? உன்னாலதான் நான் அந்த ஊரை விட்டுட்டு வந்தேன்!"

"என்னாலயாக்கா?"

"போன வருஷம் அங்க வெச்சு என்னைத் தூக்கிப் போட்டே இல்ல? காலையில பட்டியல்ல உன் பேரைப் பாத்துட்டு, திரும்ப ஒரு தடவை பாக்காமலே என் வீட்டுக்காரர் கடைசி அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டார். என்னைக் கேக்கவே இல்ல. கேட்டா பிளானிங்காம்!"

வெடுக்குக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி ஓடியிருக்கிறாள். அதைக் கூடத் தெரிந்துகொள்ள விடாமல் தன்னை ஓட வைத்திருக்கிறார் அண்ணன்.

அந்தக் கோபத்தோடுதான் ஆடினாள். முதல் செட் போனது, இரண்டாவதைப் பிடுங்கினாள், மூன்றாவது டைபிரேக்கருக்குப் போனது; முதலில் ஏழு பாயிண்ட் எடுப்பவளுக்கு ஆட்டம். ஐந்துக்கு ஐந்து. சுத்தியல் ஓங்கி அடித்த பந்து பின்கோட்டை ஒட்டி விழுந்து பறந்தது. நடுவர் 'அவுட்' சொல்லவில்லை. செம்மண்ணில் பந்து விழுந்த தடம் பதியும்; சந்தேகமென்றால் நடுவரை இறங்கி வந்து பார்க்கச் சொல்லலாம். வெடுக்கு நடுவர் பக்கம் திரும்பியதும், பார்வையாளர் வரிசையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"விடும்மா, விடு! அடுத்த வாரத்துக்கு ஈஸியா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்!"

"வாயை மூடுறியா!" என்று வெடுக்கு கத்தினாள். இரண்டு வாரத்துக்கப்புறம் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை. கத்திய வேகத்தில் காலடியிலிருந்த மண்ணை ஓங்கி உதைத்தாள். மண்ணோடு தடமும் போனது, தடத்தோடு அந்தப் பாயிண்ட்டும். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். அடுத்த பாயிண்ட்டும் போனது, அதோடு ஆட்டமும்.

வலையருகே கைகொடுத்த சுத்தியல் குனிந்து சொன்னாள்: "அந்தப் பந்து வெளியதான். எனக்கு அங்கேருந்தே தெரிஞ்சுது."

"இப்ப சொல்றீங்களேக்கா!"

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீதான் உதைச்சு அழிச்சிட்டியே. முறைக்காத. ஒரு பாயிண்ட் உனக்குக் கடன். அடுத்த தடவை ஆடறப்ப குடுத்துடறேன்."

அந்த வாரம் கழிந்த திங்கட்கிழமை, தரவரிசையில் அவள் இருநூற்று ஐம்பத்தெட்டு. தகுதிச் சுற்றுப் பட்டியல் அவள் இல்லாமல் மூடியது. அன்றே, போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கிற கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். "அண்ணனாச்சே, கொஞ்சம் பாத்துப் பேசு" என்றாள் அண்ணி. "அண்ணனா இருக்கட்டும், யார் வேண்டாம்னா? என் ஆட்டத்துக்கு அண்ணன் வேண்டாம்" என்றாள்.

இப்போதெல்லாம் பட்டியலில் அவள் தேடுவது ஒரே பெயரைத்தான். எங்கே சுத்தியல் இருக்கிறாளோ அங்கே பெயர் கொடுக்கிறாள். கெடுவுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுத்தியலின் பெயர் காணாமல் போகிறது. மூன்று வாரமாக இதே கதை.

நேற்று செய்தி அனுப்பினாள்: "அக்கா, என் பாயிண்ட் என்னாச்சு?"

பதில் வந்தது: "குடுத்துடறேன்டி. வீட்டுக்காரர்கிட்டதான் சண்டை போட்டுட்டு இருக்கேன்."