நாகப்பட்டினத்தில் வாங்கிய அட்டை

இந்நிகழ்ச்சிக்கு முன்பு காரைக்காலில் எனக்கிருந்த நிலையைச் சொல்லிவிடுவது முறை. முதுகலைப் பட்டம் பெற்றவன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று பெயரெடுத்தவன். மகள் என் சம்மதமின்றித் தான் விரும்பியவரை மணந்து பிரான்சுக்குச் சென்றபோது, இனி அவளோடு பேச்சில்லை என்று உறவினர் நடுவே அறிவித்தேன். ஈராண்டுகள் அச்சொல் நின்றது.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. அன்று என் மனைவி சரியாக உண்ணவில்லை. மகளின் குரலை ஒருமுறை கேட்டால் போதும் என்றாள். எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டு இணைப்பு இல்லை. கடைத்தெரு பூத்திலோ, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் எல்லாம் கேட்கும். ஆகவே, வீட்டுத் தொலைபேசியிலிருந்தே வெளிநாட்டுக்குப் பேச உதவும் காலிங் கார்டு வாங்கத் தீர்மானித்தேன். அதையும் உள்ளூரில் வாங்காமல், வாஞ்சூர் எல்லையைக் கடந்து நாகப்பட்டினம் சென்று வாங்கி வந்தேன்.

அட்டையின் பூச்சைச் சுரண்டி, அதிலுள்ள இரகசிய எண்ணை அழுத்தினால், ஒரு பெண்குரல் மீதமுள்ள நிமிடங்களை ஆங்கிலத்தில் சொல்லும். பிறகுதான் மகளின் எண். இது என் மனைவிக்குக் கைவராது என்பதால், இணைப்பை மட்டும் நான் வாங்கித் தருவதென்று ஏற்பாடு. அங்கே மணி அடிக்கத் தொடங்கிய நேரத்தில் இங்கே அடுப்பில் பால் பொங்கியது. அவள் உள்ளே ஓடினாள்.

"அலோ" என்றாள் மகள். நான் பேசவில்லை. ஆனால் வகுப்புக்குள் நுழையுமுன் கனைப்பது என் நெடுநாள் பழக்கம். அது அப்போதும் வந்துவிட்டது.

"அப்பாவா? கனைக்கிறது கேக்குதுப்பா."

"அங்க குளிருதா?" என்றேன்.

"ரொம்பக் குளிருதுப்பா."

"காதுல பஞ்சு வச்சுக்க. பிள்ள பெத்த உடம்பு."

பின்னால் குழந்தை அழுதது. அவ்வழுகையைக் கேட்டபடியே நின்றேன். மனைவி திரும்பி வந்து அருகில் நின்றதை அறிவேன்; ரிசீவரைக் கொடுக்கக் கை எழவில்லை. ஒரு நிமிடமே மீதமுள்ளது என்று அந்த ஆங்கிலக் குரல் குறுக்கிட்ட பிறகே கொடுத்தேன்.

"எனக்குன்னுதானே கார்டு வாங்கினீங்க?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

மகள்தான் முதலில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள் என்று உறவினர் இன்றும் சொல்கின்றனர். அது சரியன்று. அழைத்தவன் நான். அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.