தட்டி எழுப்ப ஓர் ஆள்

பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கைப்பிடியை விடவே மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகத் திருவண்ணாமலையில் பல் பார்க்கிற எனக்கு இது மனப்பாடம். குறட்டை விடுகிறவர்களும், அவர்கள் பக்கத்தில் படுத்து அவதிப்படுகிறவர்களும் இதைக் கேளுங்கள். நானும் உங்கள் கட்சிதான். என் வீட்டுக்காரரின் குறட்டைக்குக் காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொள்வதுதான் நான் கண்ட வைத்தியம்.

கைராசி

வசந்தா, வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சைக்கு வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு வேலையை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கை அவ்வளவு மென்மை என்று தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாவது முறை பல்லில் வைத்த மருந்து இறுகட்டும் என்று காத்திருந்தோம். வசந்தா தூங்கி, குறட்டையும் விட்டார். நான் கை கழுவப் போனேன். குறட்டை நின்றது. நல்லது என்றுதான் நினைத்தேன். பதினைந்து வருடமாக என்னோடு இருக்கும் நர்ஸ் அமுதா, வசந்தாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகச் சொன்னாள்: "மேடம், குறட்டை மட்டும் நிக்கல. மூச்சும் நின்னுபோச்சு."

பத்து நாள் முந்திய பௌர்ணமி

நான் ஓடி வருவதற்குள் ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பிவிட்டது. வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்து பௌர்ணமி கிரிவலம் போயிட்டு வந்தேன் மேடம், அதான் அசதி" என்றார். எங்கள் ஊரில் இந்தப் பொய் எடுபடாது. பௌர்ணமி என்றால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், என் கிளினிக்குக்கு ஈ காக்கை வராது. அன்றைக்குப் பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

நாக்கை நீட்டச் சொன்னேன். ஓரமெல்லாம் பல் தடம், வாய்க்குள் நாக்குக்கு இடம் போதவில்லை. தூக்கத்தில் தாடை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தால் மூச்சு நிற்கும். மூளை பதறி எழுந்து மூச்சை இழுக்கும். ராத்திரி முழுக்க இதே வேலை என்றால் பகலில் தூக்கம் வராமல் என்ன செய்யும்? இதயத்துக்கும் ஆகாது. இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவருக்கு மூச்சைப் பற்றிக் கவலையே இல்லை. "குறட்டைனு மட்டும் ஃபைல்ல எழுதிடாதீங்க மேடம். பொம்பளைங்கள போய் யாராவது அப்படி எழுதுவாங்களா?"

சாட்சி

இந்த வியாதிக்கு நோயாளி சாட்சி சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். கணவரை அழைத்து வரச் சொன்னேன். ஏழுமலை, கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "விடுவா, கம்மியாத்தான்" என்றார்.

வசந்தாவை எக்ஸ்ரேவுக்கு உள்ளே அனுப்பினேன். அதற்கப்புறம்தான் மனிதர் வாயைத் திறந்தார். "குறட்டை விட்டா நிம்மதி டாக்டரம்மா. நின்னாத்தான் பயம். எண்ண ஆரம்பிச்சிடுவேன். இருபது தாண்டினா தோள்ல தட்டுவேன். மூணு வருஷமா இதான்." மனைவியைவிட அவர் கண்தான் சிவந்திருந்தது. நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்று கேட்டேன். "நான் தூங்கிட்டா யார் தட்டறது?"

ஒரே ஜமுக்காளம்

என் தலையணை ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. ஆனால் வசந்தாவின் கவலை வேறு. நாலு மாதத்தில் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்களோடு ஒரே ஜமுக்காளத்தில் படுக்க வேண்டும். இத்தனை வருடமும் யார் வீட்டுக் கல்யாணத்திலும் ராத்திரி தங்காமல் தப்பித்தவர், சொந்தப் பெண் கல்யாணத்தில் எங்கே போவார்? தாடைக்கு ஏதோ கருவி இருக்கிறதாமே, உடனே செய்து கொடுங்கள் என்றார். தூக்கத்தில் மூச்சைச் சோதிக்காமல் செய்ய மாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

ஏழுமலை விடவில்லை. நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போய், விரலிலும் நெஞ்சிலும் சென்சார் மாட்டித் தூங்கும் சோதனையை வீட்டிலேயே முடித்தார். வியாதி முற்றியிருந்தால் என் கருவி போதாது, முகமூடியும் அதற்குள் காற்றை அழுத்தி அனுப்பும் மிஷினும் வேண்டும். முடிவு வரும்வரை எனக்கே சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நடுத்தரம், தாடைக் கருவியை முயலலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். போனில் சொன்னதும் ஏழுமலை கேட்டார்: "நடுத்தரம்னா பாஸா டாக்டரம்மா?"

முழித்துக்கொண்டு ஒரு தியானம்

கருவிக்கு அளவெடுக்க வசந்தா வந்த அன்று, தன் கருவியைச் சரிபார்க்க இன்னொருவரும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தியானம் செய்கிறவர். உட்கார்ந்த அடுத்த நிமிடம் உலகம் மறந்துபோகும் என்று அங்கே அவருக்கு ஏக மரியாதை. எல்லாம் இதே வியாதியின் பகல்தூக்கம்.

கருவியை டப்பாவோடு வசந்தாவிடம் காட்டினார்: மேல்வரிசைக்கு ஒரு தட்டு, கீழ்வரிசைக்கு ஒன்று. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் பிடித்து வைக்கும், நாக்கு சரியாது. பலன் உண்டா என்று வசந்தா கேட்டார். "ராத்திரி ஜோரா தூங்கறேம்மா. தியானத்துலதான் ஒரு மணி நேரமும் முழிச்சிட்டு உக்காந்திருக்கேன். மனசு எவ்ளோ பேசுதுனு இப்பதான் தெரியுது."

தாம்பூலப் பை

முதல் வாரம் வசந்தா என்னைத் திட்டாத நாளில்லை. எச்சில் ஒழுகுகிறது, காலையில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை, தாடை வலிக்கிறது. தாடையை முன்னால் தள்ளும் கருவியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒரு மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்தேன். கருவியோடு மறுபடி சோதனை. மூச்சு சீராக இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்து நானும் அமுதாவும் டீ வாங்கிக் குடித்தோம். ஏழுமலை மட்டும் காகிதத்தை நம்பாமல், இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வசந்தா தாம்பூலப் பையோடு வந்தார். ஜமுக்காளம் என்ன ஆயிற்று என்று அமுதாதான் முந்திக்கொண்டு கேட்டாள். அதையெல்லாம் அவர் மறந்தே போயிருந்தார். "அத உடுங்க. விடியக்காலைல மேளம் கொட்டுது, ஐயர் கூப்பிடறாரு, பொண்ணத் தாரை வார்க்க அவங்கப்பாவைக் காணோம். மாடி ரூம்ல அப்படி ஒரு தூக்கம் மேடம். நான்தான் போய்த் தோள்ல தட்டினேன். இருபது வாட்டி தட்டியிருப்பேன்."

இருபத்திரண்டு வருடத்தில் என் கைராசியால் உண்மையிலேயே தூங்கிய ஒரே ஆள், என் நாற்காலியில் ஒருநாளும் படுக்காத ஏழுமலைதான்.