மரபணுவால் நின்ற நிச்சயதார்த்தம்

விழுப்புரத்தில் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்த காலத்தில் என் ஊசியைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். ஒருநாள் காலை ஒரு அம்மாள் விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தார். கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருப்பவர்.

"சிஸ்டர், திருவெண்ணெய்நல்லூர் சேகர் தங்கச்சி அமுதாவ எம் புள்ளைக்குப் பேசிக்கினு இருந்தோம். அவங்க மரபுலயே கோளாறாமே? பஸ்சுல வந்தவங்க சொன்னாங்க. நிச்சயத்த நிறுத்திட்டேன்."

எல்லாம் எங்கள் டாக்டரின் தமிழ்ப் பற்று செய்த வேலை! சேகருக்கு லுக்கேமியா என்றதும் அந்தப் புற்று செல்களின் ஜீனை டெஸ்ட் செய்தோம். எஃப்எல்டி-3 என்ற ஜீன் மாறியிருந்தது. அது மாறியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், கீமோ மட்டும் போதாது. டாக்டர் இதை, "உங்கள் மரபணுவில் மாற்றம் இருக்கிறது" என்று மேடைத் தமிழில் சொல்லிவிட்டார். பஸ் கூட்டேரிப்பட்டு போய்ச் சேர்வதற்குள் 'அணு' வழியில் இறங்கிவிட்டது, 'மரபு' மட்டும் டீக்கடைக்குப் போயிருக்கிறது.

நோயாளியின் சமாசாரத்தை வெளியாளிடம் பேசக்கூடாது. நல்லவேளை, சேகரும் அமுதாவும் எதிர் பெஞ்சிலேயே இருந்தார்கள்; வந்த வேகத்தில் அம்மாள்தான் கவனிக்கவில்லை. ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை அமுதாவிடமிருந்து எடுத்து சென்னையில் சேகருக்கு டிரான்ஸ்பிளான்ட் செய்திருந்தார்கள். கெட்ட ஜீன் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த ரிசல்ட் அன்றுதான் வரவிருந்தது.

"சொல்லுங்க சிஸ்டர், அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார் சேகர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாம்மா நீங்க! இது பாட்டன் பூட்டன் குடுத்தது இல்ல. இவரு ரத்த செல்லுல மட்டும் நடுவுல வந்தது. தங்கச்சிய நல்லா செக் பண்ணித்தான் செல் எடுத்து இவருக்கு ஏத்துனாங்க."

"அப்ப இவரு ஒடம்புல இப்ப ஓடறது?"

"அமுதா ரத்தம்தான்!"

அதற்குள் டாக்டர் கூப்பிட்டார். நானும் அண்ணன் தங்கையும் உள்ளே போனோம். ஜீன் மாற்றம் தென்படவில்லை. "இப்போதைக்கு நல்ல சேதி. ஆனா தொடர்ந்து பாத்துக்கினே இருக்கணும்" என்றார், மேடையைவிட்டு இறங்கிவந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சேகர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் டீக்கடை அம்மாள் குழைந்தார். "பேஜாரு பண்ணிட்டேன், மனசுல வெச்சிக்காத கண்ணு. ஜல்தியா நிச்சயத்த முடிச்சிடலாம்."

அமுதா சிரிக்கவில்லை. "அத்த, அந்தக் கோளாறு திரும்பி வந்துச்சினா மறுபடியும் எங்கிட்டதான் செல் கேப்பாங்க. தாலி ஏறினப்புறமும் நான் போய்க் குடுப்பேன். உங்க புள்ளையக் கேட்டுக்கினு வந்து சொல்லுங்க."

அம்மாள் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன இன்னாத்துக்குக் கேக்கணும்? செல் கேக்கற அன்னைக்குக் கடைய மூடிட்டு நானே உன்ன இட்டுக்கினு வர்றேன்."

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஜீன் ரிசல்ட்டை விளக்கும் முன், வீட்டில் யாருக்காவது கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.