கடுவனுக்குச் சனிக்கிழமைக் குளியல்

எங்கள் பூனை இடம் மாறிக்கொண்டே இருந்தது. சோபாவில் படுக்கும், எழும். பிரிட்ஜுக்குப் பின்னால் போகும், வரும். குளியலறை வாசல் மிதியடியில் சுருண்டு பார்க்கும், அதுவும் ஒத்துவராது. அதன் பின்னாலேயே நானும் மும்பை செம்பூர் வீட்டின் இரண்டு அறைகளிலும் அலைந்தேன். எனக்குப் பொதுவாகவே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அந்த மாதம் காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி ஆகிவிட்டேன்.

அது நீளமுடிப் பூனை. தாராவியில் என் கணவருடைய மளிகைக் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர், அம்பர்நாத்துக்கு வீடு மாற்றும்போது, "ஒரு வாரம் பாத்துக்கோங்க" என்று விட்டுப் போனது. அந்த ஒரு வாரம் பதினைந்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. கடையில் எலி பிடிக்கும் என்று நம்பி இவரும் வைத்துக்கொண்டார். வெள்ளை வெளேரென்று அரிசி மூட்டைமேல் ஜமீன்தார் கணக்காகப் படுத்திருந்ததே தவிர, ஒரு எலியின் வாலைக்கூட அது தொட்டதில்லை. வயதானதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இப்போது அதற்குத் தன் முடியை நக்கிச் சீவிக்கொள்ள முடியவில்லை. வயிற்றிலும் முன்னங்கால் இடுக்குகளிலும் சடை பிடித்து, தேங்காய் நார் பிரஷ் போல இறுகிவிட்டது. ஜன்னல் திட்டில் ஏறுவதை நிறுத்தியது. வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனால் கடித்தது.

"வயசாயிட்டுட்டி, அதான் அசையமாட்டேங்கு. சும்மா போட்டு நோண்டாத," என்றார் கணவர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சடை தோலைப் பிடித்து இழுப்பதைக் கண்ணால் பார்த்தேன். அது ஒருநாள் சாகும், தெரியும். வலியில் கிடப்பதற்கு நாங்களே வயசு என்று பெயர் வைத்து, அந்த வலியோடேயே அதை அனுப்பிவிடுவோமோ என்றுதான் பயமாக இருந்தது.

ஆபீஸில் சாப்பாட்டு நேரமெல்லாம் போன்தான். செம்பூரில் நாய், பூனைக்கு முடி வெட்டும் ஒரு சலூனில் வயதைக் கேட்டதுமே, "ஸாரி மேடம், கிழட்டுப் பூனை எடுக்கிறதில்ல" என்று வைத்துவிட்டார்கள். குர்லாவில் ஒருவர் மயக்க ஊசி போட்டால்தான் தொடுவேன் என்றார். அதைக் கேட்க டாக்டரிடம் போனேன். அவர் அதன் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, இதயம் பலவீனம், ஊசி போட்டால் எழுந்திருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார். வீட்டுக்கே வேனில் வந்து முடி வெட்டுகிறவர்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, காலையில் மாட்டோம் என்றார்கள். ஆத்திரத்தில் நானே கத்தரிக்கோலை எடுத்தேன். சடைக்குள் முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பேசாமல் கீழே வைத்தேன்.

கடைசியில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண் கிடைத்தாள். பூனைகளை மட்டும் பார்ப்பவள், மராத்திக்காரி, சிடுசிடுப்பான குரல். மயக்கம் கொடுக்காமல் முயற்சி செய்கிறேன், ஆனால் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதோடு நிறுத்திவிடுவேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் சீயக்காய் வாடை. ஹால் நடுவே பழைய துண்டின்மேல் எங்கள் பூனை, பிசைந்து வைத்த மாவு போல உட்கார்ந்திருந்தது. அது பார்த்த பார்வையை எதிரிக்கும் வேண்டேன்.

"ஏங்க, என்னத்தத் தடவி வச்சிருக்கிய?"

"சிக்குல்லா? எண்ண வச்சா இளகும். செக்கு நல்லெண்ணட்டி, நம்ம கடையில உள்ளது." பெருமையாகவே சொன்னார். "கடுவன்லா, அதான் சனிக்கிழமையாப் பாத்துச் செஞ்சேன்."

ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் கணக்கைப் பூனைவரை கொண்டுவந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். "நாளைக்கு வேத்து ஆள் முன்னால அழுக்காவா கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுத?" என்று வேறு கேட்டார். நான் போட்ட சத்தத்தில் பூனை பிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சடை இளகவில்லை. எண்ணெயில் ஊறிய முடி சீயக்காயையும் பிடித்துக்கொண்டு இன்னும் இறுகியிருந்தது.

மறுநாள் டாக்சியில் மாட்டுங்கா போய்ச் சேரும்வரை கூடை மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அந்தப் பெண் சடையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். "தேல் லகாயா?" என்று இந்தியில் கேட்டாள், எண்ணெய் தடவினீர்களா என்று. நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தார். எண்ணெய் இருந்தால் மெஷின் ஓடாது, சோளமாவு தூவி எண்ணெயை இழுக்க வேண்டும், அதுவும் தீர்ந்துவிட்டது என்று அவள் அலுத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் சோளமாவு விற்ற மனிதர் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்தார்.

மெஷின் சத்தம் கேட்டதும் பூனை மேஜையில் துள்ளியது. பழகின குரல் கேட்கட்டும், ஏதாவது பேசுங்கள் என்றாள் அவள். நான் அவரைக் கைகாட்டினேன். இவருக்கோ கொஞ்சிப் பேச வராது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடமே கொஞ்சியதில்லை. இரண்டு கையாலும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு, கடையில் பொட்டலம் கட்டுகிறவருக்குச் சரக்குச் சொல்லும் அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"சீரகம் நூறு. மிளகு அம்பது. துவரம்பருப்பு ரெண்டு கிலோ. கடுகு நூறு..."

பூனையின் காது அவர் பக்கம் திரும்பியது. அரிசி மூட்டைமேல் வருஷக்கணக்காக அது தூங்கியது இந்தச் சத்தத்தில்தான். உடம்பு மெல்லத் தளர்ந்தது. சடை ஓரத்திலிருந்து கம்பளித் துண்டு போலப் பெயர்ந்து வந்தது.

வயிறு முழுசாகத் தெரிந்தபோது அவர் குரல் நின்றுவிட்டது. அத்தனை முடிக்குள்ளும் இருந்தது ஒரு கைப்பிடி உடம்பு. விலா எலும்புகள் தெரிந்தன. கால் இடுக்கில் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

"எய்யா, இவ்வளவுதானா நீ?" என்றார்.

அவர் சரக்குச் சொல்வதை நிறுத்தியதும் பூனை வாயைத் திறந்தது. நாக்குத் தெரிய மூச்சு வாங்கியது. அந்தப் பெண் மெஷினை அணைத்துவிட்டாள். இன்னும் ஒரு இடுக்கு பாக்கி. அதிகம் இழுப்பது அதுதான். போதும் என்று கையைத் துடைத்தாள்.

நான் அவர் முழங்கையை இடித்தேன். "சரக்கச் சொல்லுங்க!"

"பெருங்காயம் ஒண்ணு," என்றார். கண்ணீர் மீசையில் இறங்கிவிட்டது. "சோம்பு... சோம்பு நூறு. பொட்டுக்கடலை அரை."

மூன்று பேரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். உளுந்து, வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் போனது. பிறகு வாய் மூடியது. அந்தப் பெண் மெஷினை ஒதுக்கிவிட்டுச் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

வீட்டில் கூடையைத் திறந்ததும் பூனை முன்னங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. தோலை எதுவும் இழுக்கவில்லை என்று அதற்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. ஜன்னல் திட்டை நிமிர்ந்து பார்த்தது. நாங்களும் திட்டைப் பார்த்தோம். ஏறவில்லை.

"வயசுன்னு சொன்னம்லா," என்றார். ஜெயித்த குரல் இல்லை. வயசும் இருந்தது, சடையும் இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டோம், மற்றதை எடுக்க மாட்டுங்காவிலும் ஆள் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

ஜன்னலுக்குக் கீழே வெயில் விழுந்த இடத்தில் பூனை உட்கார்ந்து, சரிந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அது அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. இடம் மாறவும் இல்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். இவர் கையை நீட்டி, பழைய கடி ஞாபகத்தில் பாதியில் நிறுத்தினார்.

"தொடலாமாட்டி?"

"கையக் கழுவிட்டுத் தொடுங்க. இன்னும் எண்ண நாறுது."

அவர் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வரும்வரை அது அப்படியே கிடந்தது.