கடையில சொன்னதா?

தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு சித்தப்பா பாதி வேலையில் கடைப் படியில் இறங்கிய அந்தப் பகல் இன்றும் என் கண்முன் நிற்கிறது. மலைக்கோட்டைக்குக் கீழே, நான் விற்பனையாளனாக இருந்த ஜவுளிக்கடை. ஐம்பதுகளின் கடைசி. சென்னையில் மனநோய் ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தவரை, என் சிபாரிசில் வேட்டிகளை மடித்து அடுக்கும் வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். மாத்திரை போட்டும், ஆளில்லாத குரல்கள் அவர் காதில் பேசிக்கொண்டுதான் இருந்தன. "தீபாவளி வரைக்கும் பார்ப்போம்" என்று முதலாளி கெடு வைத்திருந்தார். இது போனால் வேறு எவரும் வேலை தரப்போவதில்லை. சித்தி ஒண்டியாக இட்லி சுட்டு விற்றுக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் பின்னாலேயே ஓடிப்போய் அவரைப் பிடித்தார். "யாரும் ஒண்ணும் சொல்லலை, போய் வேலையைப் பாருங்க" என்பதுதான், குரல் கேட்டது என்று அவர் சொன்னால் வீட்டில் நாங்கள் எல்லோரும் சொல்லும் பதில். மேனேஜர் அதைச் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பவர்போல, "என்னண்ணே கேட்டுச்சு? வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்றார்.

"'அக்கரைக்கு அனுப்பிடு'ன்னாங்க. என்னைத்தான். வீட்டுக்கு அனுப்பப் போறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடிக்கையாளருக்குப் புரியாமல் பேசிக்கொள்ள ஒவ்வொரு ஜவுளிக்கடையிலும் ஒரு ரகசிய பாஷை உண்டு. எல்லாத் துணியையும் புரட்டிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவரைப் பக்குவமாக வழியனுப்ப, எங்கள் கடையில் 'அக்கரைக்கு அனுப்பு' என்போம். காவிரிக்கு அக்கரையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கூத்து!

"நீங்க கேட்டது நெசம்ணே. கடையில சொன்னதுதான்" என்றார் மேனேஜர். "ஆனா உங்களைச் சொல்லலை. இப்ப ஒண்ணும் வாங்காம போனாரே, அந்த முசிறிக்காரரைச் சொன்னாங்க." பழைய ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த அந்த பாஷை முழுவதையும் நடுத்தெருவில் நின்றே சொல்லிக் கொடுத்தார். சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ கேட்பதெல்லாம் பொய் என்றே வருஷக்கணக்கில் கேட்டுவந்தவரிடம், ஒன்று மெய் என்று ஒருவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அன்றோடு 'அக்கரை' ஒழிந்தது. அதற்குப் பதில் 'மோர் குடு' வந்தது. "ஒருத்தருக்காகக் கடை பாஷையையே மாத்தணுமா?" என்று பட்டுப் பகுதிக்காரர் முணுமுணுத்தார். வாய் தவறிப் பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் தன்னிடம் வந்து கேட்கும்படி மேனேஜர் சொல்லியிருந்தார். சித்தப்பாவும் மெல்லப் பக்கத்தில் போய், "கடையில சொன்னதா?" என்பார். "ஆமாண்ணே" அல்லது "கடையில இல்லைண்ணே" என்று பதில் வரும். பிரமை என்ற சொல்லை மேனேஜர் வாயில் நான் கேட்டதே இல்லை.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இல்லை என்று சொன்னதும் குரல் நின்றுவிடுமா? திருவானைக்காவல் தாண்டும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"அது எங்கடா நிக்குது? கடையைச் சேர்ந்தது இல்லைன்னு தெரிஞ்சா போதும். வேட்டியை மடிக்கலாம்" என்றார். இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெரிய படிப்பு வந்திருக்கிறது. மேனேஜருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தது. முதலாளி வேட்டிப் பகுதிப் பக்கம் வந்து, என்னவோ சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மேனேஜரிடம் வந்தார்.

"'இனிமே நீங்க நம்ம கடை ஆளு, எங்கேயும் போக வேண்டாம்'னு கேட்டுச்சு." இன்னும் நெருங்கி வந்து கேட்டார். "கடையில சொன்னதா?"

"கடையில சொன்னதுதாண்ணே" என்றார் மேனேஜர். "நானும் கேட்டேன்."